நிகர எடை

கப்பலூர் எடைமேடையில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட்.
லாரி ஏறும். இரும்புத் தட்டு ஒரு விரல் தாழும்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள்
கொஞ்சம் குதித்துவிட்டு நிற்கும்.
மொத்தம், வெறும் வண்டி, நிகரம்.
இருபத்திரண்டு வருஷமாக
அவருக்குத் தெரிந்த கணக்கு கழித்தல் ஒன்றுதான்.

மேஜையின் இந்தக் கோடியில் நான்.
வீட்டில் நெட் கட்டணம் கட்டவில்லை,
இங்கே கம்பெனி வைஃபை.

நட்சத்திரக் குறி போட்ட கட்டம்: குடும்பப் பெயர்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
நமக்கு ஏது?
பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
போன தடவை அந்தப் புள்ளியை உடைத்து
உள்ளே இருந்த ஆளை வெளியே எடுத்து எழுதினேன்.
அதனால் பிஷ்கெக்கில் நான் தவமணி.
ஹாஸ்டல் கதவில் தவமணி.
உடற்கூறியல் மேடத்துக்குக் கோபம் வந்தால்
"தாவாமானி!"
விருதுநகரைத் தாண்டாத மனுஷர்
மைனஸ் பதினெட்டில் பஸ்ஸுக்கு நின்றார்,
உயிர்வேதியியலில் இரண்டு முறை ஃபெயிலானார்.

அடுத்த கட்டம்.
'தற்போதைய கல்லூரியிலிருந்து ஏன் விலகுகிறீர்கள்?
ஐந்நூறு சொற்களுக்குள்.'

பைபாஸ் ரோட்டு ஏஜென்ட்டின் வீடியோவில்
ஒரு ஆஸ்பத்திரி இருந்தது.
அங்கே போனால்
சடலம் பிளாஸ்டிக். ஈரலைக் கழற்றி மாட்டலாம்,
துடைத்து அலமாரியில் வைக்கலாம்.
ஐந்து செமஸ்டரில் நிஜ நோயாளி ஒரே ஒருத்தி.
பதினோரு பேர் சுற்றி நின்றோம்.
என்னைப் பார்த்து "பலீத்" என்றாள்.
வலிக்கிறது.
எங்கே, எப்போதிருந்து, அழுத்தினால் கூடுதா
எதையும் கேட்க வார்த்தை இல்லாமல்
தலையாட்டினேன். அவளும் ஆட்டினாள்.

இதை எழுதினேன். அழித்தேன்.
'பரந்த மருத்துவ அனுபவம் நாடி' என்று போட்டேன்.
பச்சை டிக் வந்தது.

நேற்று பெரியாஸ்பத்திரி எதிரே ஜெராக்ஸ் கடை.
மதிப்பெண் பட்டியல் பதினோரு பக்கம், ஏழு செட்.
மிஷின் சூட்டில் நிற்கும்போது ஒரு அம்மா,
உசிலம்பட்டிப் பக்கம், கையில் என்னுடையதைப் போலவே
பழுப்புக் கவர்.
"ஏத்தா, டாக்டருக்குப் படிக்கிற புள்ளயா?
இதுல என்னன்னு போட்டிருக்கு?"
சதைப் பரிசோதனை. மூன்றாவது வரியில் ஒரு சொல்.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
நாலாம் செமஸ்டர், நோய்க்குறியியல், எண்பத்தேழு மார்க்.
அந்த நிமிஷம் ஒன்பதாம் பக்கமாக
மிஷினிலிருந்து வந்துகொண்டிருந்தது.
"டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. இன்னைக்கே காட்டுங்க."
'இன்னைக்கே'யில்
அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார்.
கவரை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
ரோட்டைத் தாண்டினார்.
மீதிச் சில்லறையை வாங்க மறந்துபோனேன்.

திபிலிசியிலிருந்து இன்று பதில்.
ஐந்து செமஸ்டரில் இரண்டு ஏற்கப்படும்.
அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
"மொத்தம் அஞ்சு. கழிவு மூணு."
சீட்டு கிழிக்கிற கை அப்படியே நின்றது.
"அந்த மூணுக்குக் கட்டுன காசு?"
நான் திரையைப் பார்த்தேன்.
"சும்மா கேட்டேன்" என்றார்.

இன்னொரு சிக்கல்.
பழைய பட்டியலில் ஒரு எச் விட்டுப்போயிருக்கிறது.
பாஸ்போர்ட்டில் இருக்கிறவரும்
அங்கே படித்தவரும் ஒரே ஆள்தான் என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை.
அப்பா கண்ணாடியை ஏற்றி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்,
தன் பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டலையும்
யாரோ இரண்டு பேரைப் போல.
"இதுல எவன் ஃபெயிலானது?"

ஹார்ன். சிமெண்ட் லோடு.
அவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
முன்னே, இன்னும் கொஞ்சம், போதும் என்கிறார்.
தட்டு தாழ்கிறது. மேஜை லேசாக அதிர,
கட்டத்தில் அவர் பெயரை அடிக்கிறேன், எச்சோடு.
"நின்னுச்சா பாரு" என்கிறார்.
பார்க்கிறேன்.
சிவப்பு எண்கள் இன்னும் குதித்துக்கொண்டிருக்கின்றன.